புதைத்த பங்கு

அடிலெய்ட்
3 நவம்பர் 1986

நொரீனுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டேன். சொல்லிக்கொள்ளாமல் கிளம்பியதற்கு நீ கோபப்பட்டிருப்பாய். படு. எனக்கும் கோபம் இருக்கிறது. அதனால் சரிக்குச் சரி.

வந்த நாளிலிருந்து இந்தக் கடிதத்தை எழுதுவதும் கிழிப்பதுமாக இருக்கிறேன். இதமாக எழுதினால் பொய்யாக இருக்கிறது. மனதில் உள்ளதை எழுதினால் எனக்கே படிக்கச் சகிக்கவில்லை. இன்று என்ன வருகிறதோ அதை எழுதித் தபாலில் போட்டுவிடுவது என்று உட்கார்ந்திருக்கிறேன்.

அந்த உடும்பு எனக்கு என்ன என்று உனக்குத் தெரியும். உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திய காலம் முழுக்க விடுமுறை நாளெல்லாம் பெரென்டி உடும்புகளின் பின்னால்தான் அலைந்தேன். ஒரு ஆள் நீளத்துக்கு மேல் வளர்கிற பிராணி. ஆனாலும் கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோவதற்குள் பாறை இடுக்கில் மறைந்துவிடும். கடைசியில் என்னிடம் சேர்ந்ததெல்லாம் வால் படங்கள். நீதானே எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பாய், ‘இவ ஆல்பத்துல உடும்புக்கு மூஞ்சியே கெடையாது’ என்று.

வேலையை விட்ட பிறகு இந்தச் செப்டம்பரில் நான் திரும்பி வந்ததே அந்த மூஞ்சிக்காகத்தான். கிழக்குக் குன்றில் இருந்த வால் நுனி ஒடிந்த கிழவனை நீயும் பார்த்திருக்கிறாய். முதல் வாரம் என் வண்டிச் சத்தம் கேட்டாலே ஓடினான். ஐந்து வாரம் நான் காலையில் போய் மணலில் குப்புறப் படுத்தேன். ஈ கண்ணுக்குள் புகுந்தது. சிவப்புத் தூசி கேமராவுக்குள் போய் ஒரு லென்ஸே பாழானது. எழுந்திருக்கவில்லை. கடைசி வாரத்தில் அவன் என் தொப்பியை நாக்கால் தொட்டுப் பார்த்தான். அவன் முகத்தை, ஒவ்வொரு செதிலும் தெரிகிற மாதிரி, நான் எடுத்திருக்கிறேன். மார்ச்சில் என் புத்தகம் வருகிறது. அட்டையில் அவன்தான் இருக்கப்போகிறான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வண்டிக்கு டீசல் போட்டுக்கொண்டு குன்றுக்கு வந்தால், நீங்கள் நெருப்பு மூட்டியிருக்கிறீர்கள். நீ, பெரியக்கா, உங்கள் வீட்டுப் பிள்ளைகள். தணலில் ஒன்று கிடக்கிறது. அதன் வால் நுனி ஒடிந்திருந்தது.

நான் ஒரு வார்த்தை பேசினேனா? கத்தினேனா? பெரியக்கா டிம்ப்னா ஒரு பங்கை எடுத்து நீட்டியபோது இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். அதை நீ மறந்துவிடக் கூடாது. நெஞ்சு வெடித்துக்கொண்டிருந்தபோதும் நான் மரியாதையாகத்தான் நடந்துகொண்டேன்.

ஒன்று மட்டும் எனக்குத் தெரிய வேண்டும். அது அவன்தான் என்று உனக்கு அப்போது தெரியுமா, தெரியாதா?

உன் வீட்டில் நான் விட்டுவந்த முக்காலி, தார்ப்பாய், தண்ணீர்க் கேன் எதையும் அனுப்ப வேண்டாம். யாருக்கு உபயோகமோ கொடுத்துவிடு. எனக்கு உங்களிடமிருந்து எதுவும் வேண்டாம்.

லொரெய்ன்

*

முல்கா ஊற்று
24 நவம்பர் 1986

தங்கச்சி லொரெய்னுக்கு,

நீ ‘அக்கா’ என்ற சொல்லை விட்டுவிட்டாய், கவனித்தேன். நான் விடவில்லை. எத்தனை நாளைக்கு இப்படி எழுத முடியும் என்பது வேறு விஷயம். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

கிளினிக்கில் உட்கார்ந்து எழுதுகிறேன். நடுவில் யாராவது காதுவலி, காய்ச்சல் என்று வந்தால் எழுந்து போய்விட்டுத்தான் மறுபடி எழுதுவேன். கோர்வை இல்லாவிட்டால் கண்டுகொள்ளாதே.

உன் கேள்விக்குப் பதில்: தெரியும். வால் நுனியைப் பார்க்கும் முன்பே எனக்குத் தெரியும். உடும்பு என்றால் ஆளைக் கண்டு ஓட வேண்டும். அது எங்களைப் பார்த்து வந்தது.

பெரியக்கா வயிற்றில் ஆபரேஷன் முடிந்து ஆலிஸ் நகர ஆஸ்பத்திரியிலிருந்து வந்து நாலு நாள்தான் ஆகியிருந்தது. நீயும் பார்த்தாய், ஆள் பாதியாகத் திரும்பியிருந்தாள். அங்கே கொடுத்த ரொட்டி பஞ்சு மாதிரி இருக்கும், சூப்பு கழுவின தண்ணி மாதிரி இருக்கும் என்று இரண்டு மாதமாக ஒழுங்காகச் சாப்பிடவில்லை. இங்கே வந்தும் டீயைத் தவிர எதுவும் இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவளே ‘கெழக்கால குன்றுப் பக்கம் போலாம், காத்தாவது வாங்கலாம்’ என்றாள். போய்ப் பாறை நிழலில் உட்கார்ந்தோம். பிள்ளைகள் மேலே ஏறிப் போய்விட்டார்கள்.

கொஞ்ச நேரத்தில் அவள் என் முழங்கையைப் பிடித்தாள்.

‘அசையாத. அங்க பாரு.’

‘பாத்துட்டேன்.’

‘இதுக்கு என்ன, கிறுக்கா? நேரா வருதே.’

‘வெயில்ல ஏதோ ஆயிருக்கும்.’

நேராகத்தான் வந்தது. பெரியக்காவின் காலுக்குப் பக்கத்தில் வந்து நின்று, நாக்கை நீட்டி நீட்டி அவள் கையைப் பார்த்தது. அப்புறம் வாயைத் திறந்தது. கடிக்க இல்லை. சும்மா திறந்துகொண்டு நின்றது. உடும்பு தோண்ட எப்போதும் கூடவே கொண்டுவரும் கடப்பாறையை அவள் கையில் எடுத்தபோதும் அது நகரவில்லை. என் வயதுக்கு அப்படி ஒரு உடும்பை நான் பார்த்ததே கிடையாது.

அந்த நேரத்தில் நான் வாயைத் திறந்திருக்கலாம். ‘வேண்டாம்க்கா, இது லொரெய்ன் படம் எடுக்குறது’ என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பட்டினி கிடக்கிற என் அக்காவிடம், தானாக நடந்து வந்த இறைச்சியைக் காட்டி, ‘இது ஃபோட்டோவுக்கு’ என்று எப்படிச் சொல்வேன்? அதற்கு நீ என்னைத் திட்டு. வாங்கிக்கொள்கிறேன்.

ஆனால் உன்னையும் ஒன்று கேட்பேன். கடையில் முட்டை வந்திறங்கின மறுநாளே தீர்ந்துபோகிறது என்று ஊரே புலம்பியது. ஒண்டிக்கட்டையாக இருப்பவள், ஒரு கேக் கூடச் செய்யத் தெரியாதவள், உனக்கு அத்தனை முட்டை எதற்கு? குன்றடியில் முட்டை ஓட்டுத் துணுக்குகளை நான் பார்த்தேன். சரி, உன் பாடு என்று விட்டுவிட்டேன். ஐந்து வாரப் பொறுமை என்று எனக்கு எழுதுகிறாய். ஐந்து வார முட்டை என்று எழுது. ஆள் உட்கார்ந்திருந்தால் தீனி என்று நீ அதற்குப் பழக்கிவிட்டாய். நாங்கள் உட்கார்ந்திருந்தோம்.

இதெல்லாம் எனக்கும் உனக்கும் நடுவில் உள்ள கணக்கு. திட்டித் தீர்த்துக்கொள்ளலாம். தீராத விஷயம் வேறு.

நீ மரியாதையாக வாங்கிக்கொண்டாயே, அந்தப் பங்கு. அதைக் கொண்டுபோய்க் குன்றடியில் புதைத்து மேலே கல் வைத்தாய் அல்லவா? விடிந்ததும் நீ வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனாய். ரெஜ்ஜி வீட்டு நாய்கள் அதைத் தோண்டி இழுத்துக்கொண்டு ஊருக்குள் வந்தன. எங்கே கொண்டுவந்து போட்டன தெரியுமா? பெரியக்கா உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த இடத்தில்.

வெட்டிக் கொடுத்தவளுக்குத் தெரியாதா எந்தத் துண்டு யாருடையது என்று? வாலின் அடிப்பக்கம், கொழுப்போடு. அது பிடித்தவளுக்கே உரியது. அவள் எடுத்துக்கொள்ளவில்லை. ‘லொரெய்ன்னு நெனச்சுத்தான் இது நம்மகிட்ட வந்திருக்கு. என் தங்கச்சிக்கு நல்ல பங்காக் குடு’ என்று உனக்கு எடுத்து வைத்தாள். நான் சொல்லாமலே அவளுக்குப் புரிந்திருந்தது.

நாங்கள் அழுகிப்போனதைத்தான் புதைப்போம். நாய் போட்டதை அவள் குச்சியால் புரட்டிப் பார்த்தாள். அப்புறம், ‘என் கையால குடுத்தது அழுகலா?’ என்று மட்டும் கேட்டாள். அன்றிலிருந்து உன்னை ‘அந்த டீச்சர்’ என்கிறாள்.

உன்னை இந்த ஊருக்குத் தங்கச்சியாக்கியது அவள். பதினோரு வருடத்துக்கு முன்னால் ‘இவ என் தங்கச்சி’ என்று எல்லார் முன்னாலும் சொன்னவள் அவள்தான். அவள் சொன்னதால்தான் என் பிள்ளைகளுக்கு நீ சித்தி, ரெஜ்ஜிக்கு என்னைப் போல நீயும் கொழுந்தியாள். அவள் அதைத் திரும்ப எடுத்துக்கொண்டால் எல்லாருக்கும் நீ படமெடுக்க வந்துபோகிற ஒரு வெள்ளைக்காரி. என்னாலும் அதை மாற்ற முடியாது. தங்கச்சி என்று நான் எழுதுவது அவளுக்குத் தெரியாது.

நொரீன்

*

அடிலெய்ட்
15 டிசம்பர் 1986

நொரீன் அக்காவுக்கு,

உன் கடிதம் வந்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகிறது. நாய்கள் பற்றி எழுதியிருந்த இடம் வரை வருவேன், மடித்து வைத்துவிடுவேன்.

எனக்குத் தெரியாது. அதுதான் உண்மை. பதினோரு வருடம் பழகியவளுக்கு எப்படித் தெரியாமல் போனது என்று நீ கேட்பாய். பங்கு கொடுக்கும்போதெல்லாம் நான் சாப்பிட்டிருக்கிறேன். சாப்பிடாமல் போனால் என்ன செய்வது என்று யோசிக்க வேண்டி வந்ததே இல்லை. அன்று அதை வாயில் வைக்க முடியவில்லை. தூக்கி எறியவும் மனசு வரவில்லை. சின்ன வயதில் எங்கள் ஆட்டுப் பண்ணையில் நாய் செத்துப்போனால் அப்பா குழி வெட்டி, கல் வைத்து, தொப்பியைக் கழற்றிக்கொண்டு நிற்பார். நான் அதைத்தான் செய்தேன். அதற்கு எனக்குக் கொடுக்கத் தெரிந்த பெரிய மரியாதை அதுதான். அது பெரியக்கா முகத்தில் அறைந்த மாதிரி ஆகும் என்று கனவில் கூட நினைக்கவில்லை.

முட்டை விஷயம் உண்மை. மூன்றாவது வாரம் வரை கொடுக்கவில்லை. மூன்று வாரம் கிடந்தும் ஒரு படம் தேறவில்லை, கொண்டுபோன ஃபிலிம் பாதி தீர்ந்துவிட்டது. ஒரு நாள் சாப்பாட்டுக்கு வைத்திருந்த அவித்த முட்டை கை தவறி உருண்டது. அவன் வந்து விழுங்கினான். மறுநாள் கை தவறாமலே உருட்டினேன். அப்புறம் கையிலேயே வைத்துக் காட்டினேன். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. உன்னிடமும் சொல்லாமல்தான் உன்மேல் கோபப்பட்டிருக்கிறேன். நீதான் அவனைக் கொன்றவள் என்பது மாதிரி எழுதிவிட்டு, அவனை அங்கே நடக்க வைத்தது நான்தான் என்பதை விழுங்கிவிட்டேன்.

பதிப்பகத்தில் வால்டர் என்று ஒருவர் என் புத்தகத்தைப் பார்த்துக்கொள்கிறார். அந்த முகப் படத்தை மேசையில் வைத்துவிட்டு நகரவே மாட்டேன் என்கிறார். ‘மனுஷனையே பாக்காத காட்டு மிருகத்தோட பார்வைங்க இது’ என்கிறார். நான் தலையாட்டினேன். வீட்டுக்கு வந்து பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். அவன் கண் லென்ஸைப் பார்க்கவில்லை. கொஞ்சம் கீழே, என் இடது கையைப் பார்க்கிறது.

அந்தப் படத்தின் ஒரு பிரதி இதோடு வைத்திருக்கிறேன். பெரியக்காவுக்கு ஒரு பார்சலும் தனியாக அனுப்பியிருக்கிறேன். கம்பளிச் சால்வை, நல்ல டீத்தூள், அவளுக்குப் பிடித்த இஞ்சி பிஸ்கட், டார்ச் லைட், அதற்கு பேட்டரி. உன் பிள்ளைகளுக்குச் சட்டைகள். கிறிஸ்துமஸுக்கு முன்னால் வந்தால் நல்லது. அவளிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல். எத்தனை தடவை வேண்டுமானாலும் கேட்கிறேன். அவள் என்னை டீச்சர் என்று சொல்வதை என்னால் தாங்க முடியவில்லை. எனக்குக் கூடப் பிறந்தவர்கள் யாரும் கிடையாது, உனக்குத் தெரியும். உங்கள் இரண்டு பேரையும் விட்டால் என்னை யார் பெயர் சொல்லி அதட்டப்போகிறார்கள்?

லொரெய்ன்

*

முல்கா ஊற்று
12 ஜனவரி 1987

லொரெய்னுக்கு,

பார்சல் தபால் விமானத்தில் வந்தது. நேரே பெரியக்காவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், நீ வருத்தப்பட்டால் படு.

கட்டைப் பிரித்தாள். சால்வையை ரெஜ்ஜியின் அம்மா தோளில் போட்டாள். டீத்தூளைக் கடைப் பக்கம் உட்கார்ந்திருந்தவர்களுக்குக் கொடுத்தாள். டார்ச் லைட் பள்ளிக்கூடக் காவலுக்குப் போயிற்று. இஞ்சி பிஸ்கட் டப்பாவைத் திறந்து பிள்ளைகளிடம் நீட்டினாள். ஒன்று கூடத் தன் வாயில் போடவில்லை. இஞ்சி பிஸ்கட்டுக்காகச் சண்டை பிடிக்கிறவள் அவள். ‘யாரு அனுப்புனது?’ என்று யாரோ கேட்டதற்கு, ‘டீச்சர் ஒருத்தங்க இருந்தாங்க, நல்லவங்க’ என்றாள். நல்லவங்க என்று சொன்னதுதான் எனக்குப் பகீர் என்றது. சொந்தக்காரியை எவளாவது நல்லவங்க என்று சொல்வாளா?

நீ மன்னிப்புக் கேட்டதையும் சொன்னேன். ‘சரி’ என்றாள். வேறு ஒன்றும் இல்லை.

படத்தை மட்டும் வாங்கி ரொம்ப நேரம் பார்த்தாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். அப்புறம் சிரித்தாள். ஆபரேஷனுக்கு அப்புறம் அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

‘இது கடை வாசல்ல நிக்குற நாயோட மூஞ்சில்ல? கையில என்ன வச்சிருக்கான்னு பாக்குது.’

‘புத்தகத்து அட்டையில போடப் போறாளாம்.’

‘போடட்டும். முட்டையையும் சேத்துப் போடச் சொல்லு. பாவம், அது கேட்டது முட்டைதான.’

அன்று சாயங்காலம் நான் அவளோடு சண்டை போட்டேன். அவ வேணும்னு செய்யல, தெரியாம செஞ்சுட்டா, இதுக்கு மேல என்னதான் செய்யணும் என்று கேட்டேன். அதற்கு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். எனக்கும் அது வரைக்கும் தோன்றியதில்லை.

‘அவ என்கிட்ட என்னிக்காவது ஏதாவது குடுன்னு கேட்டிருக்காளா?’

யோசித்துப் பார்த்தேன். லொரெய்ன், நீ கேட்டதே இல்லை. கொடுத்திருக்கிறாய். மாவு கொடுத்திருக்கிறாய், பேட்டரி கொடுத்திருக்கிறாய், அகால வேளையில் பிரசவத்துக்கு வண்டி ஓட்டியிருக்கிறாய். ஒரு வருடம் உன் வீட்டுக் குழாய் உடைந்து தண்ணீர் இல்லாமல் கிடந்தாய். பக்கத்து வீட்டில் நான் இருக்கிறேன். ஒரு வாளி கொண்டா என்று கேட்டாயா? தொலைவில் காற்றாடி தண்ணீர் இறைக்கிற கிணறு வரைக்கும் வண்டி எடுத்துப் போய் நிரப்பிக்கொண்டு வந்தாய். எங்களைத் தொந்தரவு செய்யக் கூடாதாம். அதை நான் அப்போது நல்ல குணம் என்றுதான் நினைத்தேன்.

ரெஜ்ஜி தினமும் வந்து என்னிடம் சர்க்கரை கேட்கிறான். இல்லை போடா என்கிறேன். கஞ்சப் பிசினாறி என்று திட்டிக்கொண்டே போகிறான். மறுநாள் நான் போய் அவனிடம் டீசல் கேட்கிறேன். அவன் முனகிக்கொண்டே கொடுக்கிறான். இங்கே சொந்தம் என்றால் அப்படித்தான் இருக்கிறது. நீ மட்டும் வாசலில் நின்று கொடுத்துவிட்டுப் போகிறாய். பெரியக்கா தானாகவே ஒரு பங்கு எடுத்து நீட்டியபோது அதையும் புதைத்துவிட்டாய். கோபத்தில் எழுதிய முதல் கடிதத்தில் கூட முக்காலியை யாருக்காவது கொடு என்றுதான் எழுதியிருக்கிறாய். அந்த உடும்பாவது வாயைத் திறந்து கேட்டது.

‘அவளுக்கு நம்மகிட்ட ஒண்ணும் வேணாம் நொரீன். வேணாங்கிறவள எப்படித் தங்கச்சின்னு வச்சுக்கிறது?’ என்றாள் பெரியக்கா. அதைச் சொல்லும்போது அவள் கோபமாக இல்லை. கோபமாக இருந்திருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

இனி பார்சல் அனுப்பாதே.

நொரீன்

*

அடிலெய்ட்
9 பிப்ரவரி 1987

நொரீன் அக்காவுக்கு,

இதோடு பார்சல் ஏதும் இல்லை. அஞ்சல் அலுவலகம் வரைக்கும் ஒரு டப்பா இஞ்சி பிஸ்கட்டோடு போய், அதை வாசலிலேயே நானே தின்றுவிட்டுக் கடித உறை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன். பழக்கம் லேசில் போகாது.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. கேட்காமல் இருப்பது ஒரு குற்றமா என்று மனதுக்குள் உன்னோடு வாதாடிக்கொண்டே பாத்திரம் கழுவினேன். பாதியில் அப்பா ஞாபகம் வந்தது. எங்கள் பண்ணையில் மழை பொய்த்த வருடத்தில் அம்மா நோயில் படுத்திருந்தாள். பக்கத்துப் பண்ணைக்காரி ஒரு பாத்திரம் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தாள். நாங்கள் அதைக் குடித்து முடிப்பதற்குள் அப்பா எங்களிடம் மிச்சமிருந்த உருளைக்கிழங்கை அந்தப் பாத்திரத்தில் போட்டு, அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். ‘யாருக்கும் நாம கடன் இல்ல’ என்றார். மறுபடி அவள் வரவே இல்லை. அம்மா அந்தக் கஞ்சிக்காக வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. நானும் அப்பாவின் மகள்தான். கேட்க வேண்டி வந்தால் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். மரியாதை தெரிந்தவள் என்று என்னைப் பற்றி நானே நினைத்துக்கொண்டிருந்தேன். பயந்தவள் என்று இப்போதுதான் தெரிகிறது.

வால்டரிடம் முட்டை விஷயத்தைச் சொல்லிவிட்டேன். ‘யாருக்குங்க தெரியப் போகுது?’ என்றார். என் அக்காமார் இரண்டு பேருக்குத் தெரியும் என்றேன். உங்களுக்கு அக்கா இருக்கிறார்களா என்று கேட்டார். அதைத்தான் இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறேன் என்று சொன்னேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. அந்த முகம் இப்போது அட்டையில் இல்லை, உள்ளே ஒரு பக்கத்தில் வருகிறது. அதன் கீழே ‘முட்டைக்குக் காத்திருக்கும் பெரென்டி’ என்று போட்டிருக்கிறேன். அட்டைக்குப் பழைய படம் ஒன்று கொடுத்தேன். பாறை இடுக்கு, தூசி, உள்ளே போகிற வாலில் பாதி. வால்டர் முகத்தைச் சுளித்தார். பார்க்கப் பார்க்க எனக்கு அதுதான் நல்ல படமாகத் தெரிகிறது.

இனி எழுதப்போவதைப் பெரியக்காவிடம் நீ சத்தமாகப் படித்துக் காட்ட வேண்டும். இரண்டு தடவை எழுந்து போய் வந்துவிட்டேன்.

பெரியக்கா, எனக்கு உடும்பு வேண்டும். மழைக்குப் பிறகு கொழுத்த உடும்பு. வாலின் அடிப்பக்கம், கொழுப்போடு. முன்னால் நீ கொடுத்ததை நான் தின்னவில்லை, அதனால் அந்தப் பங்கு இன்னும் எனக்கு வர வேண்டியிருக்கிறது. எனக்குப் பசிக்கிறது. கொடு.

நொரீன் அக்கா, உன் கட்டிலில் கிடக்கிற சிவப்புக் கம்பளி எனக்கு வேண்டும். ரொம்ப நாளாக அதன்மேல் எனக்குக் கண்.

லொரெய்ன்

*

முல்கா ஊற்று
2 மார்ச் 1987

லொரெய்னுக்கு,

மழை பெய்து பாதை மூடிக் கிடந்ததால் உன் கடிதம் தாமதமாகத்தான் வந்தது. ஓடை முழுக்கத் தண்ணீர். தவளைச் சத்தத்தில் காது அடைக்கிறது.

கடை வாசலில் எல்லாரும் இருக்கும்போது பெரியக்காவிடம் படித்துக் காட்டினேன். நீ சத்தமாக என்று எழுதியிருந்தாயே, சத்தமாகத்தான் படித்தேன். ரெஜ்ஜிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. ‘பாரேன், திமிர’ என்றான். பெரியக்கா டீயைக் குடித்துக்கொண்டிருந்தாள். குடித்து முடித்துவிட்டு, ‘இன்னொரு தடவ படி’ என்றாள். படித்தேன். ‘பசிக்குதுன்னா எழுதியிருக்கா?’ என்று கேட்டாள். ஆமாம் என்று எழுத்தைக் காட்டினேன். எழுந்து உள்ளே போய்விட்டாள்.

போச்சு என்றுதான் நினைத்தேன். என்னால் அங்கே உட்கார முடியவில்லை. கிளினிக்குக்குப் போய்ச் சும்மா அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

சிவப்புக் கம்பளி கிடையாது. குளிர்காலம் வருகிறது, அது எனக்கு வேண்டும். கேட்டதற்கு வேண்டுமானால் பழைய நீலத்தைத் தருகிறேன்.

மறுநாள் காலையில் பெரியக்கா கிளினிக் வாசலுக்கு வந்தாள். உள்ளே வரவில்லை. கடப்பாறையைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றபடி, அவளுக்குப் பதில் எழுதிவிட்டாயா என்று கேட்டாள். இன்னும் இல்லை என்றேன். எழுதச் சொல்லிவிட்டு, அவள் சொன்னது இதுதான்:

‘முடியாதுன்னு எழுது. வால் எனக்கு. என்னை விடச் சின்னவளுக்கு வாலு கேக்குதாம் வாலு. என் தங்கச்சிக்கு முதுகுப் பக்கம் போதும். அதுவும் வேணும்னா அவளே வந்து தோண்டட்டும், எனக்கு இடுப்பு வலிக்குது.’

நொரீன்